பத்து டிகிரியில் உறங்கும் கல்வாழை

நாள் 311, காலை 7.10
கிழங்கறை வெப்பம் பத்து டிகிரி. நாற்பது பெட்டிகளிலும் கல்வாழைக் கிழங்குகள் நல்ல தூக்கம். செவ்வாயின் குளிர்காலம் முடியும்வரை இவற்றை எழுப்பாமல், உறையவும் விடாமல் காப்பது என் வேலை. கப்பலில் வரும் அறுபது பேருக்கு இவைதான் சோறு, பூ கொசுறு.
அமலோற்பவம், தாவரப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான்.

நாள் 314, பகல் 1.40
கிழங்கறை ஹீட்டர் செத்துவிட்டது. நிலையத்தில் மிச்சம் என் அறை ஹீட்டர் ஒன்றே. பெட்டிகளை என் அறைக்குள் இழுத்துப் போட்டேன். எனக்கு வேண்டிய சூட்டை வைத்தால் கிழங்கு விழித்து, வெளிச்சமில்லாமல் முளைத்துச் சாகும். ஆகவே பத்து. எனக்குப் பல் தந்தியடிக்கிறது. கிழங்குகளுக்கென்ன, ராஜபோகம்.
கப்பல் தலைவர் இஸ்மாயில்: “அக்கா, பிடிவாதம் பிடிக்காதீங்க. சூட்ட ஏத்துங்க. நாங்க வர இன்னும் ஒம்பது நாளாவும்.”
என் பதில்: “ஏத்திட்டு? வந்ததும் என்னத்தத் திம்பீங்க தம்பி?”

நாள் 317, காலை 6.30
மூன்றாம் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. கையை உள்ளே விட்டுக் குளிர்காய்ந்தேன். சுகமாக இருந்தது. பிறகுதான் நாற்றம் வந்தது. அழுகல் கிளப்பிய சூடு அது. அழுகியதை வெட்டி எறிந்து, வெட்டுவாயில் சாம்பல் தடவினேன். சாம்பலுக்கு என் பருத்தித் துண்டை எரித்தேன்.

நாள் 318, மாலை 5.05
இன்னும் ஒன்பது பெட்டி அழுகல். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று மண்டையைக் குடைந்தேன். தேங்காய் நார்த்தூளில் புதைத்தால்தான் ஆயிற்று என்று அடம்பிடித்துக் கொண்டுவந்தவள் நான். அந்த நார்த்தூள் என் மூச்சின் ஈரத்தையெல்லாம் குடித்திருக்கிறது. அதைக் கொட்டினாலும் ஈரம் நேரே கிழங்கில் படியும். உலர்த்தும் விசிறி ஹீட்டரோடு போய்விட்டது. கிழங்கை அழுகவைப்பது நான்தான். மூச்சு விடாமல் இருக்க முடியுமா?

நாள் 319, காலை 9.20
இஸ்மாயில்: “பாதி போனாப் போவுது. நீங்க உசுரோட இருங்கக்கா, அது போதும்.”
என் பதில்: “பாதி இல்ல. நான் உள்ள இருந்தா நீங்க வாரதுக்குள்ள மொத்தமும் போயிரும். கூட வர்ற ஒங்க மவளுக்கு என்ன குடுப்பீங்க?”
இஸ்மாயில்: “அக்கா…” ரேடியோவை அணைத்தேன்.

நாள் 319, காலை 11.00
அறையைக் கிழங்குகளுக்கு விட்டு வெளியே போகிறேன். பயமாக இருக்கிறது. மற்ற அறைகளில் மைனஸ் அறுபது. கவச உடையின் சூடு ஒரு நாள் தாங்கும். கப்பலுக்கு நான்கு நாள்.
கதவைத் திறப்பவருக்கு: ஒருவர் மட்டும் உள்ளே போகவும். சீக்கிரம் வெளியே வரவும். முளை தெரியும்வரை தண்ணீர் கூடாது. முதலில் கிழங்கைப் பாருங்கள்.
என்னைத் தேட அவசரமில்லை. உறைந்தால் கெட்டுப்போவது கிழங்குதான், நான் கெட்டுப்போக மாட்டேன்.