பிராங்கியப் பிரபுவின் மூத்த மகன்

9-7-51, திங்கள்

மழை இல்லை, காற்று மட்டும். கரும்பலகையைத் துடைக்கத் துடைக்கப் புழுதி. ஆறாம் பாரத்தில் இன்று, பழைய பிரான்ஸை ஆண்ட பிராங்கியர் பாடம். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம்தான். பையன்கள் தூங்கிவிடுவார்கள் என்று நூலகத்துத் தடிப் புத்தகத்திலிருந்து ஒரு பிரபுவின் குடும்பத்தை எடுத்துச் சொன்னேன். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆள். பெயர் வாயில் நுழையவில்லை. 'பிரபு' என்றே ஒப்பேற்றினேன்.

குறிப்பு:
ரைன் நதியோரம் பண்ணைகள். குதிரைகள்.
மனைவி இரண்டு. ஆளுக்கு ஒரு மகன்.
மூத்தவன் தகப்பனை எதிர்த்தான். பிடித்து, தலையை மழித்து, மடத்தில் அடைத்தார்கள். மழித்த தலைக்கு அந்த நாட்டில் பட்டமும் இல்லை, பங்கும் இல்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன்: "சார், முடி வளந்துட்டா திரும்பி வந்து பங்கு கேக்கலாமா?" வகுப்பே சிரித்தது. நல்ல கேள்விதான். அப்படி வந்தவர்களும் உண்டு என்றேன்.

'மனைவி இரண்டு' என்று எழுதியபோது எவனும் சிரிக்கவில்லை. என் வீட்டுக் கதை தெரியாது போல. தெரிந்தால்தான் என்ன.

ரேஷன் கடைக்கு நாளை.

11-7-51, புதன்

சித்தப்பா வந்தார், மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறதாம். கஞ்சி இறங்கவில்லையாம்.

"ஏலே மக்கா, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ. பொழைக்க மாட்டாரு."

"லீவு இல்ல சித்தப்பா."

பொய். லீவு வேண்டிய மட்டும் கிடக்கிறது.

அப்பா சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, "இனிமே ஒங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்தவன் நான். இருபத்திரண்டு வருஷம். அம்மா செத்தபோதுகூட அவர் வரவில்லை. நான் மட்டும் ஏன் போக வேண்டும்?

சித்தப்பா காபியைத் தொடாமல் போய்விட்டார். என் மனைவி: "ஒரு நட போயிட்டு வந்தா கொறஞ்சா போயிருவீங்க?"

13-7-51, வெள்ளி

விடியும்போது ஆள் வந்தது. போய்விட்டார்.

முதல் பஸ். பக்கத்தில் இரண்டு பேருக்கு வழியெல்லாம் மாட்டுச் சீக்கைப் பற்றியே பேச்சு. முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். இவ்வளவு சின்ன ஆளாகவா இருந்தார்? சின்னம்மா என்னைப் பார்த்ததும் இன்னும் சத்தமாக அழுதாள்.

எங்கள் பக்கம் தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான். அவனுக்கு மட்டும்தான் மொட்டை. மயானத்தில் நாவிதர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடுமுன் நானே சட்டையைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் கத்தியை எடுக்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்தார்.

சித்தப்பா என் கையைப் பிடித்தார். "எந்திரி மக்கா. அண்ணன் சொல்லிட்டுப் போயிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"'சின்னவன் வைக்கட்டும். பெரியவன் என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னவன். செத்த மூஞ்சியில மட்டும் எதுக்கு முழிக்கணும்?'"

சின்னம்மா மகனுக்கு இருபது வயது. அழுதுகொண்டே, "அண்ணனே வைக்கட்டும் சித்தப்பா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான். பெரியவர்கள் விடவில்லை. சாகும்போது சொன்ன வாக்காம்.

எழுந்தேன். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டையைக் காணோம். யாரோ எடுத்து முள்வேலியில் போட்டிருந்தார்கள்.

14-7-51, சனி

தலைவலி. சாப்பாடு வேண்டாம் என்றேன்.

நிலம் எனக்கு வேண்டாம், சின்னவனே உழட்டும். கொள்ளி ஒன்றைத்தான் கேட்டேன். அதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

புதன்கிழமை போயிருந்தால்? திட்டியிருப்பார். திட்டி முடித்துவிட்டு, "சாப்ட்டியாலே" என்று கேட்டிருப்பார். எனக்கு அவரைத் தெரியும். சித்தப்பாவுக்கும் தெரியும், அதனால்தான் அவ்வளவு தூரம் வந்தார். ஆத்திரமாக வருகிறது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

பிரபு மகனை மழித்துத் தள்ளினான். என் அப்பா மழிக்காமலே தள்ளிவிட்டார். கத்திக்குக்கூட வேலை வைக்கவில்லை.

திருத்த வேண்டிய பேப்பர் 31.

16-7-51, திங்கள்

பள்ளிக்கூடம். ஹெட்மாஸ்டர் முதலில் என் தலையைத்தான் பார்த்தார்.

"மொட்டை எடுக்கலையா?"

"தம்பி வச்சான்."

"நீங்கல்லா மூத்தவரு?"

பதிலுக்கு நிற்காமல் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். டிராயிங் மாஸ்டர், கணக்கு வாத்தியார், பியூன், எல்லோரும் அதே மாதிரி. முதலில் தலை, அப்புறம் முகம். வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. மூன்றாம் பீரியடில் பிராங்கியர் பாடம் மீதி இருந்தது. நடத்தவில்லை. ஐரோப்பா மேப் போடச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் நின்றேன்.

சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போகவில்லை. ரதவீதி சலூன். "முழுசா எடுத்திருப்பா" என்றேன்.

"அம்மனுக்கு நேர்ச்சையா சார்?"

"ஆமா."

"நெனச்சது நடந்துட்டா?"

"நடந்துட்டு."