லயத்துக்கு ஒரு விலாசம்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று கண்டி கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், அதிகாரிகளுக்கு முன்னால் எழுந்து நின்று பேசினேன்.

மகள் கலாவுக்குத் தாதியர் பயிற்சிக்கான நேர்முகக் கடிதம் வந்து, தோட்டத்து ஆபீசிலேயே மூன்று வாரம் கிடந்தது. கைக்குக் கிடைத்தபோது நாள் கடந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லை; கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். பேராதனையில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்து தர்ஷினி என்ற பெண் இதைப்பற்றி வீடு வீடாக விசாரிக்க வந்தாள். "எழுதிக்கிட்டுப் போயிருவீங்க, அப்புறம் யாரு வருவாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. அறிக்கையோடு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாள். இன்று என்னையும் கூட்டிப்போனாள்.

அவளே பேசுவாள் என்று நினைத்திருந்தேன்.

"நீங்களே சொல்லுங்கோ அக்கா. நான் சிங்களத்தில சொல்லுறன்," என்றாள்.

சொன்னேன். பெரிய அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அடுத்த மாதம் லயத்து வீடுகளுக்கு இலக்கம் போட்டு, தபால்காரரை வாசலுக்கே அனுப்புவதாக எழுதிக் கையெழுத்திட்டார். செய்வார்களா, தெரியவில்லை. ஆனால் தர்ஷினி விடமாட்டாள். வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கலாவிடம் எல்லாம் சொன்னேன்.

"நம்ம வீட்டுக்கு என்ன நம்பரும்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அதைக் கேட்காமலே வந்துவிட்டேன்.