பன்னிரண்டாவது குரல்

இன்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள். மாதாமாதம் நடக்கிற பராமரிப்பு வேலைதான். முந்தின நாளே குறுஞ்செய்தி வந்திருந்தது. மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. ஃப்ரிட்ஜின் முனகல் அடங்கியது. பக்கத்து வீட்டு மோட்டாரும் பாதியில் ஓய்ந்தது. மயிலாப்பூரில் இப்படி ஓர் அமைதி வாய்ப்பது அபூர்வம். கையில் காப்பியோடு நின்றிருந்த நான், என்னை அறியாமல் "ரோலிங்" என்றேன்.

உடனே சிரிப்பும் வந்தது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. பதிவு தொடங்கும்போது நீங்கள் சொல்லும் சொல் இன்னும் என் வாயில் இருக்கிறது.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டைக் கேட்கக் கற்றுத்தருகிற தொலைக்காட்சி நிகழ்ச்சி என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். 'காது கொடு' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம். நான் தொகுப்பாளர், நீங்கள் ஒலிப்பதிவாளர். சின்ன சேனல் என்பதால் சொந்த ஸ்டூடியோ கிடையாது. அடையாற்றில் ஒரு கல்யாண மண்டபம், முகூர்த்தம் இல்லாத நாட்களில் நமக்கு. ஒலி கெடும் என்று அத்தனை மின்விசிறிகளையும் நிறுத்திவிடுவீர்கள். பன்னிரண்டு பிள்ளைகளும் நானும் கேமராக்காரரும் வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மணமகன் அறைதான் உங்கள் ஒலிப்பதிவு அறை. அங்கும் மின்விசிறி ஓடாது. அந்த நியாயம் உங்களிடம் இருந்தது.

முதல் நாள் நான் காஞ்சிபுரம் பட்டு கட்டிக்கொண்டு வந்தேன், கை நிறையக் கண்ணாடி வளையல்கள். இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீங்கள் வெளியே வந்து நின்றீர்கள்.

"மேடம், வளையல் பேசுது."

கழற்றினேன். மறுபடியும் தொடங்கினேன். மறுபடியும் வந்தீர்கள்.

"இப்போ புடவை பேசுது மேடம். நாளைக்கு நூல் புடவையா கட்டிக்கினு வாங்க."

எனக்குச் சுரீர் என்றது. முப்பது வருஷம் மேடையில் பாடியவள் நான். என் புடவையைப் பற்றிப் பேச ஒரு ஒலிப்பதிவாளர் வந்துவிட்டாரா என்று நினைத்தேன். நினைத்ததை அன்றே மறைத்துவிட்டேன், இன்று உங்களிடம் சொல்கிறேன்.

முதல் மூன்று வாரம் நான் வகுப்பெடுத்தேன். ஸ்ருதி என்றால் என்ன, லயம் என்றால் என்ன, எல்லாம் ஒழுங்காக எழுதிவைத்துப் படித்தேன். மூன்றாம் வாரம் படப்பிடிப்பு முடிந்ததும் என்னை அறைக்குக் கூப்பிட்டு, ஹெட்போனை என் காதில் மாட்டினீர்கள். ஒரு நீளமான கொட்டாவி, காதுக்குள்ளேயே யாரோ விடுவதுபோல.

"நீங்க ஸ்ருதின்னா இன்னான்னு சொல்லிக்கினு இருந்தப்போ வந்த சவுண்டு மேடம் இது."

இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போன் செய்தேன். என்னதான் செய்யலாம் என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும் மேடம். ஆனா ஒண்ணு, அவங்க தூங்கறாங்க, நான் தூங்கல. ஏன்னா எங்கிட்ட ஹெட்போன் கீது."

மறுவாரம் ரிச்சி தெருவிலிருந்து பன்னிரண்டு ஹெட்போன்களும், எல்லாவற்றுக்கும் ஒலியைப் பிரித்தனுப்பும் ஒரு பெட்டியும் வாங்கிவந்தீர்கள். தம்புராவின் தந்திக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து, நீங்கள் கேட்பதை அவர்களும் கேட்கச் செய்தீர்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தந்தி அதிர்ந்து அடங்குவதற்குள் அதற்குள்ளே எத்தனை ஒலி எழுகிறது என்று அந்தப் பன்னிரண்டு முகங்களும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தன. கொட்டாவி விட்ட பையன்தான் முதலில் கை தூக்கினான். "உள்ள இன்னொருத்தர் பாடுற மாதிரி இருக்கு மேம்" என்றான். அன்றுதான் நிகழ்ச்சி பிறந்தது என்று நான் எப்போதும் சொல்வேன். நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். நல்ல மைக் வந்த நாளில் பிறந்தது என்பீர்கள்.

உங்களுக்கும் எனக்கும் சண்டைக்கு அதன் பிறகும் குறைவில்லை. ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகத்தை நீங்கள் கடைசிவரை "ஆட்டம்" என்றுதான் சொன்னீர்கள். உங்கள் வீட்டுப் பக்கம், நொச்சிக்குப்பத்தில், சாவு வீட்டில் பாடுகிற கானாவை நிகழ்ச்சியில் சேர்க்கவேண்டும் என்றீர்கள். நான் தயங்கினேன். சேர்த்த வாரம் பிள்ளைகள் தாளத்தை விட மறுத்து மேசையைத் தட்டித் தீர்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தபடியே மோர் குடித்தீர்கள். அந்த மோர் குடித்த விதம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது மாரிச்செல்வியைப் பற்றி.

ஒவ்வொரு வாரமும் நிகழ்ச்சியின் கடைசியில் பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்னப் பாட்டுப் பாடுவார்கள். அந்த வாரம் மழையைப் பற்றி நானே எழுதிய நாலு வரி. நான்கு மைக், ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர். இரண்டு முறை பாடி முடித்ததும் நீங்கள் வெளியே வந்து, ஏதோ இரைச்சல் வருகிறது என்று சொல்லி, மூன்றாவது மைக்கைக் கொஞ்சம் இடமாகவும் கொஞ்சம் வலமாகவும் நகர்த்தினீர்கள். சாப்பாட்டு இடைவேளையில் என்னைத் தனியே கூப்பிட்டீர்கள்.

"மேடம், பன்னெண்டு பேர் நிக்கிறாங்க. பதினொரு கொரல்தான் வருது."

இரைச்சல் என்று சொன்னதே பொய். யார் என்று கண்டுபிடிக்கத்தான் மைக்கை நகர்த்தியிருக்கிறீர்கள். மாரிச்செல்வி. பதினான்கு வயது. தி.நகரில் அவள் அப்பாவுக்குத் துணிக்கடை. அப்பாவும் வந்திருந்தார், பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கடைக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். அவள் வாயை மட்டும் அழகாக அசைத்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "அவளுக்கு ஸ்ருதி சேராது போலிருக்கு. விட்டுடுங்கோ. வாயசைச்சா போறும், எடிட்டிங்ல தெரியாது."

நீங்கள் கையிலிருந்த டிபன் கேரியரைக் கீழே வைத்தீர்கள்.

"நம்ம ப்ரோகிராம் பேரு இன்னா மேடம்?"

நீங்கள் உங்கள் டிபன் கேரியரைத் திறக்காமலே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, மணமகன் அறையில் உட்காரவைத்தீர்கள். கதவு திறந்திருந்தது. எலுமிச்சை சாதப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நான் வெளியே நின்றேன்.

"எனக்குப் பாட வராது அங்கிள்" என்றாள். "ஸ்கூல்ல மிஸ் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லிருக்காங்க. ஆறாவதுலேர்ந்து அப்படித்தான்."

"பாட வேணாம்மா. சும்மா ம்ம்னு சொல்லு. உன் கொரல நீ எப்பவாச்சும் கேட்டுக்கீறியா?"

"இல்ல."

மைக்கை அவள் முன்னால் வைத்து, உங்கள் ஹெட்போனை அவளுக்கு மாட்டிவிட்டீர்கள். அதை நீங்கள் யாருக்கும் தருவதில்லை. நான் ஒருமுறை எடுத்ததற்கே முகத்தைச் சுளித்தவர். அவள் தயங்கித் தயங்கி முனகினாள். ஒரு கணம் நிறுத்தினாள். மறுபடியும் முனகினாள். தன் குரல் தன்னிடமே வந்து சேர்வதைக் கேட்கிறவளின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

கால் மணி நேரம் கழித்து நீங்கள் கதவருகே வந்தீர்கள்.

"மேடம், இந்தப் பொண்ணு தப்பா பாடல. கீழ பாடுது. எனக்கு அதுக்குப் பேரு தெரியாது. நீங்க வந்து கேளுங்க."

கேட்டேன். எனக்கு வெட்கமாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் ஐந்து கட்டையில், அதாவது என் குரலுக்கு வாகான உயரத்தில், பாடிக்கொண்டிருந்தோம். அவளுடையது தணிந்த குரல். எட்டாத பரணில் இருப்பதை எடு என்று ஒரு குழந்தையிடம் சொல்லிவிட்டு, அவளுக்குக் கை இல்லை என்று முடிவு கட்டியிருந்தோம். ஸ்ருதிப் பெட்டியின் திருகை நான்கரைக்கு இறக்கினேன். சேரவில்லை. நான்கு. மூன்று. மூன்றில் அவள் குரல் அடிப்படை ஸ்வரமான ஸட்ஜத்தின்மேல் போய் அப்படியே உட்கார்ந்தது. அசைவே இல்லை. என்னிடம் பத்து வருஷம் படித்தவர்களுக்குக்கூட அவ்வளவு நிச்சயமாக உட்காராது.

"இது என் குரலா அங்கிள்?" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, உங்களிடம்தான் கேட்டாள்.

"பின்ன என்னுதா?" என்றீர்கள்.

பாட்டை மூன்று கட்டையில் மறுபடியும் எடுக்கவேண்டும், முதல் இரண்டு வரியை அவள் தனியாகப் பாடட்டும் என்றேன். தயாரிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். அன்று மாலை மண்டபத்தில் ஒரு வரவேற்பு. மூன்று மணிக்குக் காலி செய்தாகவேண்டும். அதற்குள் பூ அலங்காரம் செய்கிறவர்கள் சரங்களோடு உள்ளே வந்துவிட்டார்கள். பின்னாலேயே நாகஸ்வரக் கோஷ்டி. தவில்காரர் உறையைக் கழற்றி, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

நீங்கள் ஓடியே போனீர்கள். "அண்ணே, நாலு நிமிஷம். ஒரு பாப்பா முதல் தடவையா பாடப்போவுது. நாலே நிமிஷம்."

தவில்காரர் உங்களைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு குச்சியை மடியில் வைத்துக்கொண்டு, நாகஸ்வரக்காரரையும் உட்காரச் சொன்னார். பூக்காரர்கள் சரத்தைத் தோளில் போட்டபடி அப்படியே நின்றார்கள். நீங்கள் அறைக்குத் திரும்பி, "ரோலிங்" என்றீர்கள்.

மாரிச்செல்வி பாடினாள். முதல் வரியில் கொஞ்சம் நடுக்கம், இரண்டாம் வரியில் இல்லை. மற்ற பதினொரு பேரும் மூன்றாம் வரியில் சேர்ந்துகொண்டபோது, உயர்ந்த குரல்காரர்கள் சிலர் தடுமாறினார்கள். அன்று அவர்கள் தடுமாறட்டும் என்று இருந்தது எனக்கு. பாட்டு முடிந்தும் யாரும் அசையவில்லை. நீங்கள் கட்டைவிரலை உயர்த்திய பிறகுதான் தவில்காரர் வாய் திறந்தார். "நல்ல கனமான குரல்" என்றார். அவ்வளவுதான்.

அவள் அப்பா போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். "ஏட்டி, இம்புட்டு நாளா வீட்டுல ஒரு வார்த்தை பாடலியே நீ" என்றார். திட்டுகிற குரலில்தான் தொடங்கினார், முடிக்கும்போது அவள் தோளில் கை போட்டிருந்தார்.

நிகழ்ச்சி மூன்று வருஷம் ஓடியது. பிறகு அதைப் போட்டியாக மாற்றவேண்டும், நடுவர்கள் வேண்டும், வாரம் ஒருவரை வெளியேற்றவேண்டும் என்றார்கள். "யாரு பாட்ட நிறுத்தணும்னு சொல்றதுக்கு நான் மைக்கு வெக்கிறதில்ல" என்று நீங்கள் வயரைச் சுருட்ட ஆரம்பித்தீர்கள். உங்களோடு நானும் கிளம்பினேன். வருத்தமாகவே இல்லை. வெளியே வந்து இருவரும் இளநீர் குடித்தோம். அதன்பிறகும் மாதம் ஒருமுறையாவது பார்த்துக்கொண்டோம். சாலையோரத்தில் நீங்கள் மீன் வாங்க, நான் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு பத்தடி தள்ளி நிற்க, "வஞ்சிரம் கூட ஸ்ருதி சுத்தமா கீது மேடம்" என்று வேண்டுமென்றே கத்துவீர்கள்.

உங்களைக் கடைசியாக வழியனுப்ப வந்தவர்களில் மாரிச்செல்வியும் இருந்தாள். கிண்டியில் பொறியியல் படிக்கிறாள். பாடகி ஆகவில்லை, ஆகும் எண்ணமும் இல்லை. கல்லூரிப் பேருந்தில் பாடுவாளாம். அண்ணன் கல்யாணத்தில் பாடினாளாம். உங்கள் வாசலில் கானா பாட வந்தவர்கள் ஓய்ந்தபோது, அவள் என்னருகே நின்று அந்த மழைப் பாட்டை மெதுவாக முனகினாள். யாரும் ஸ்ருதி கொடுக்கவில்லை. சரியாக மூன்று கட்டை.

நான் இப்போது வீட்டில் சிலருக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறேன். யார் வந்தாலும் முதல் நாள் எதுவும் கற்றுத்தருவதில்லை. சும்மா முனகச் சொல்லி, குரல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுகிறேன். இந்த வழக்கம் உங்களுடையது. இதை வைத்துக்கொண்டு போன வெள்ளிக்கிழமை நான் செய்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

என் அக்கா வந்திருந்தாள். அறுபத்தாறு வயது. சின்ன வயதில் நவராத்திரிக்கு வருகிறவர்கள் எங்கள் இருவரையும் பாடச் சொன்னால், அம்மா என்னை முன்னால் உட்காரவைத்து, அக்கா கையில் சுண்டல் தட்டைக் கொடுத்துவிடுவாள். அக்காவுக்குப் பாடத் தக்க சாரீரம் இல்லை என்பது எங்கள் ஆத்தில் முடிவாகிவிட்ட விஷயம். நானும் ஒருநாளும் மறுத்ததில்லை. பாடுகிறவள் நான் ஒருத்தியாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதையும் உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

"கொஞ்சம் முனகேன்" என்றேன்.

"நேக்கு எங்கடி பாட்டு வரும்? விளையாடாதே."

"பாட வேண்டாம். ம்ம்னு மட்டும் சொல்லு."

சிரித்துக்கொண்டே முனகினாள். நான் ஸ்ருதியை இறக்கிக்கொண்டே போனேன். இரண்டரையில் நின்றது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பிறகு, நான் எதுவும் சொல்லாமலே, நான் பாட அவள் சுண்டல் கொடுத்துக்கொண்டே கேட்ட அந்தப் பழைய பாட்டுகளில் ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பாடினாள். ஒரு சொல்கூட மறக்கவில்லை.

முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"இன்னொண்ணு பாடட்டுமாடி?"