சாமைக்குத் தடவிய மருந்து

பிப். 21, சனி

காலையில் பனி இல்லை. எட்டு மணிக்கே முதுகில் வெயில். சாமை வீடு முழுக்க முடி உதிர்க்கிறது. வெள்ளிமலையில் நண்பன் வீட்டில் பிறந்த நாய். குளிருக்கு வளர்ந்த முடி, தியாகதுருகத்து வெயிலில் கொத்துக் கொத்தாகக் கழல்கிறது. சீப்பு போட்டேன். ஒரு முறம் தேறியது. அம்மா: "சோத்துலகூட உன் நாய் மயிருதான்டா."

செய்ய வேண்டியது: பகலில் வேப்பமரத்தடியில் கட்ட வேண்டும். தண்ணீர்ச் சட்டி இன்னொன்று. நடை, வெயிலுக்கு முன். உண்ணி: காதுக்குள், விரல் இடுக்கில், எங்கும். சம்பளம் வந்ததும் கள்ளக்குறிச்சி நாய் டாக்டர்.

தவக்காலம். வீட்டில் கறி இல்லை. சாமைக்கும் சேர்த்து நோன்பு.

பிப். 22, ஞாயிறு

பூசை முடிந்து வந்து உண்ணி பிடுங்கினேன். கொட்டாங்கச்சியில் மண்ணெண்ணெய், அதில் போட்டு. அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். "ஒண்ணொண்ணா புடுங்கிக்கினு இருந்தா பங்குனி வந்துடும்டா."

பிப். 23, திங்கள்

செல்போன் கடையில் வேலையில் இருந்தேன். அம்மா போன். ஓடி வந்தால் சாமை ஒருக்களித்துக் கிடக்கிறது. வாயில் நுரை. நாலு காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது. பக்கத்தில் அப்பா குந்தியிருந்தார், கையில் ஈரத்துணி.

அப்பா கூலிக்கு மக்காச்சோளத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்து. தண்ணீரில் கலந்து உடம்பெல்லாம் தடவியிருக்கிறார்.

"யாருப்பா சொன்னது?"

"பூச்சி மருந்துக் கடையிலதான். லேசா கலந்து தடவு, ஒரு உண்ணி நிக்காதுன்னான்."

"கொன்னுட்டியேப்பா!"

"நான் டெய்லி அதுலதான்டா குளிக்கிறேன். எனுக்கு இன்னா ஆச்சு?"

மாட்டாஸ்பத்திரி. டாக்டர் முகாமுக்குப் போயிருக்கிறார். உதவியாள்: "மாடா இருந்தா போன் பண்ணுவேன். நாய்க்கு இன்னா, தெருவுல எவ்ளோ கெடக்குது." அறைந்திருக்க வேண்டும். நேரமில்லை. பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். பைக் எடுத்தேன். பின்னால் அப்பா, மடியில் சாமை. கள்ளக்குறிச்சி வரை அதன் நடுக்கம் மட்டும் என் முதுகில்.

டாக்டரம்மா முதலில் ஊசி போட்டார். பிறகு சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார்கள். அப்பாவிடம்: "யாருங்க தடவினது? கையுறை போட்டீங்களா?"

"எதுக்கும்மா? துணி இருந்திச்சே."

டார்ச்சை அப்பா கண்ணிலும் அடித்துப் பார்த்தார். "கண்ணு எரியுமா? தலை சுத்தல்?"

"மருந்து அடிக்கிற அன்னிக்கி இருக்கும்மா. ஒரு டீ குடிச்சா செரியாப் பூடும்."

"சட்டையக் கழட்டுங்க. அடுத்தது நீங்க கழுவணும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாமையை அங்கேயே விட்டு வந்தோம். விடியும்வரை தாங்கினால் பிழைக்குமாம்.

பிப். 24, செவ்வாய்

போன் வந்தது. பிழைத்துவிட்டது. எழுந்து நின்றதாம்.

கோபம் இறங்கவில்லை. மருந்துக் கடைக்குப் போனேன். "டப்பாவுலயே போட்டிருக்குதே தம்பி, படிக்கவேண்டிதான?" வாங்கிப் படித்தேன். எறும்புத் தலை அளவு எழுத்து. விலங்குகளுக்கு ஆகாது. கையுறை, முகமூடி கட்டாயம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா அடுத்தவன் நிலத்தில் மருந்து டேங்க் சுமக்கிறார். மருந்து வாங்கித் தரும் ஒருவனும் கையுறை வாங்கித் தந்ததில்லை. எழுதி ஒட்டியாகிவிட்டது, கம்பெனி வேலை முடிந்தது. படிக்காதவன் சாகட்டும்.

பிப். 26, வியாழன்

சாமை வீட்டுக்கு வந்தாயிற்று. தயிர்ச் சோறு கொஞ்சம். நடை தள்ளாடுகிறது. முடியைச் சிரைக்கக் கூடாது, தானாக உதிரட்டும் என்றார் டாக்டரம்மா. மரத்தடியில் ஈரச் சாக்கு விரித்தேன்.

அப்பாவுக்குக் கையுறை, மாஸ்க் வாங்கி வந்தேன். சிரித்தார். "இத மாட்டிக்கினு போனா நெலத்துக்காரர் வூட்டுப் புள்ள இன்னா கேக்கும்? இன்னாடா, ஆபரேஷன் பண்ணப் போறியான்னும்."

அவனுக்கு என் வயது. அப்பாவை 'டா' போடுகிறான். இவர் "புள்ள" என்கிறார்.

"அப்ப அப்படியே சாவு," என்றேன். அம்மா கரண்டியோடு வந்தாள்.

பிப். 27, வெள்ளி

காற்றில்லை. அனல். அப்பா மருந்தடிக்கப் போனார், வெறுங்கையோடு.

சாயங்காலம் தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் சாமை எழுந்தது. வாலாட்டிக்கொண்டு, தள்ளாடியபடியே ஓட்டம். அப்பா அப்படியே நின்றுவிட்டார். நனைந்த சட்டை, தோளில் டேங்க். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கத்தினார்:

"நாயப் புடிடா! கிட்ட வுடாத! எம்மேல மருந்து இருக்குது!"