பின்சீட்டில் கட்டிய வேட்டி

தாணுமாலயன் துணை

திருவனந்தபுரம்
கார்த்திகை மாதம், சனிக்கிழமை

அன்பு மகள் அனுஷாவுக்கு அம்மா எழுதுவது. இதை எழுதும்போது வீட்டில் இருப்பவர்கள்: சாப்பாட்டு மேசையில் நான், முன்னறையில் பேப்பரோடு அப்பா, எனக்கு எதிரே முருங்கைக்கீரை உருவிக்கொண்டு பக்கத்து வீட்டு பிந்து, மேசைக்கு அடியில் என் பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டு உன் குட்டன். நாலு பேரும் சுகம். நாலாவது ஆளையும் சேர்த்து அப்படி எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் பேனாவை எடுக்காமல் இருந்தேன் மக்களே. நீயும் அந்த டப்ளின் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கின் முன் நின்று கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் பாதியில் வைத்துவிடுவேன், அதனால் பிந்துவின் தம்பி பிபின் திங்கட்கிழமை அங்கே வருகிறானே, அவன் கையில் நாரத்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

குட்டனுக்கு உண்ணிக் காய்ச்சல் என்று டாக்டர் சொன்னதும், தினமும் கொண்டுவந்து டிரிப் ஏற்ற வேண்டும் என்று சொன்னதும் உனக்குத் தெரியும். அதைக் கேட்டுத்தானே நீ மெசேஜ் போட்டாய், உங்களால் முடியாவிட்டால் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற வேல்சாமி அண்ணன் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், கொடுத்துவிடுங்கள் அம்மா, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று. அதைப் படித்துவிட்டு அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் நமக்கும் வழி தெரியவில்லை. அவனால் எழுந்து நிற்க முடியவில்லை, தூக்கினால் நெல்மூட்டை கனம். ஆட்டோவைக் கூப்பிட்டால் ஒருவன் நாயை எட்டிப் பார்த்துவிட்டு, அம்மே, இது பட்டியோ பசுக்குட்டியோ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். இன்னொருவன் சீட்டெல்லாம் ரோமமாகும் என்று நிறுத்தவே இல்லை. அப்பாவோ, வைரவருக்கு இவன் வாகனம், இந்த வாகனத்துக்கு ஒரு வாகனம் கிடைக்க மாட்டேங்குதே என்று சிரித்தார், கண்ணில் சிரிப்பு இல்லை. சரி, வேல்சாமியிடமே சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தும் விட்டார்.

அப்போதுதான் பிந்துவின் கணவர் பத்மகுமார் தன் புதுக் காரைக் கொண்டுவந்து நம் கேட்டருகே நிறுத்திப் பின்கதவைத் திறந்தார். சந்தன நிறத் துணி சீட், புது வாசனை போகாத வண்டி. அவரோ மலைக்கு மாலை போட்டிருக்கிறார். சாமி, இதிலா, வேண்டாம் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்கு அவர், சீட்டைக் கழுவிக்கலாம் சேச்சி, இவனெ இப்பம் கொண்டுபோகலேன்னா பின்னெ எந்து கழுவியும் பிரயோஜனமில்ல, அண்ணாச்சி, தலைப்பக்கம் பிடிங்க என்றார். மக்களே, அந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன், நீயும் மறக்காதே.

முதல் நாள் ஒரு ஏற்பாடும் இல்லாமல் ஏற்றிவிட்டோம். போகிற வழியில் எச்சில், வருகிற வழியில் மூத்திரம், சீட் முழுக்க ரோமம். நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். அன்று சாயந்திரமே உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தேன், என் புத்தி உனக்குத் தெரியுமே, எதையும் ஒரு ஒழுங்கில் கொண்டுவராமல் தூக்கம் வராது. ஈரத்தைப் பழைய துண்டால் ஒற்றி எடுத்தேன், தேய்க்கவில்லை, தேய்த்தால் உள்ளே இறங்கும். அதன்மேல் ஆப்பச்சோடாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் பிரஷ்ஷால் தட்டினேன், நாற்றம் போய்விட்டது. ரோமத்துக்குப் பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையை லேசாக நனைத்துப் போட்டுக்கொண்டு ஒரே பக்கமாக இழுத்தால் உருண்டு உருண்டு வருகிறது. மறுநாள் நம் ஆரியசாலைக் கடையில் மூட்டை மூடுகிற தார்ப்பாய் ஒன்றை அப்பா கொண்டுவந்தார். அதைச் சீட்டில் விரித்து, அதன்மேல் அப்பாவின் பழைய எட்டுமுழ வேட்டியை முன்சீட்டின் தலைக்கட்டையிலும் பின்சீட்டின் தலைக்கட்டையிலும் முடிந்து தொட்டில் மாதிரி கட்டினேன். அவன் கீழே உருளவும் முடியாது, ரோமம் வெளியே சிந்தவும் செய்யாது, வீட்டுக்கு வந்ததும் வேட்டியை மட்டும் உதறித் துவைத்தால் போதும். கிளம்புமுன் வாசலிலேயே ரோமத்தை வாரிவிட்டு, பாதத்தைத் துடைத்து, எச்சிலுக்குக் கழுத்தில் ஒரு துண்டையும் கட்டிவிடுவேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறானா கல்யாணப் பந்தியில் சோறு விளம்பப் போகிறானா என்று பிந்து கேலி செய்வாள். நீ எப்போதாவது அங்கே நாயோடு காரில் போவதானால் இப்படியே செய், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வை, ஏறுமுன் வயிறு முட்டக் கொடுக்காதே.

இவ்வளவும் செய்தவள் கடைசியில் ஒரு கூத்து பண்ணினேன், கேள். டிரிப் முடிந்த அன்று பத்மகுமார் மறுவாரம் மலைக்குப் போகிறார் என்று தெரிந்தது. நாய் படுத்த வண்டியில் இருமுடி வைப்பாரே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. தார்ப்பாயை எடுத்துவிட்டு, மஞ்சள் கரைத்து, மாவிலையால் உள்ளே எல்லா மூலையிலும் தெளித்துவிட்டேன். நிறையவே தெளித்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் சந்தன சீட்டில் திட்டுத் திட்டாக மஞ்சள். ஆப்பச்சோடா ஒட்டியிருந்த இடமெல்லாம் சிவப்பு, ஆரத்தித் தட்டைக் கவிழ்த்த மாதிரி! நாய் செய்யாததை நான் செய்தேன். பதறி சோப்புப் போட்டேன், இன்னும் சிவந்தது. அப்பா வந்து பார்த்துவிட்டு, நம்ம கடை ஈரோட்டு மஞ்சள்லா, லேசில போகுமா என்கிறார், அந்த நேரத்திலும் அவருக்குச் சரக்கின் பெருமை. எனக்கு அழுகை வந்தது. வருகிற புதன்கிழமை ரத்தம் சோதிக்கப் போக வேண்டும், அதற்குப் பிறகும் சில மாதம் போய்வர வேண்டும், இனி எந்த முகத்தோடு வண்டி கேட்பது? வேல்சாமியைத் தவிர வழியில்லை என்று நினைத்துக்கொண்டேதான் போய் பிந்துவிடம் சொன்னேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. எண்டெ சேச்சீ, காருக்குக் கல்யாணமா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு இரண்டு பேருமாக எலுமிச்சம்பழச் சாற்றைத் தண்ணீரில் கலந்து ஒற்றினோம், சிவப்பு மறுபடி மஞ்சளானது. மஞ்சள் வெயிலுக்குப் பயப்படும் சேச்சி, சட்டை காயப்போட்டுப் பார்த்ததில்லையா என்றாள் அவள். கதவு நாலையும் விரியத் திறந்து வெயிலில் வைத்தோம். கார்த்திகை மாதம் அல்லவா, மேகம் கூடும்போதெல்லாம் நான் ஓடி ஓடிக் கதவை அடைத்தேன். வெயில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுபோய்விட்டது. ஓரத் தையலில் மட்டும் மிளகு அளவு நிற்கிறது.

பத்மகுமாரிடம் நானே அந்த மிளகைக் காட்டிச் சொன்னேன். அவர், அது கிடக்கட்டும் சேச்சி, வண்டிக்குத் திருஷ்டிப் பொட்டு என்றார். அதோடு விட்டாரா, நான் மலைக்குப் போறது குருசாமி கூட்டத்தோட, தம்பானூர்லேர்ந்து பஸ்ஸில், காரு இங்கதான் கிடக்கும் என்றார். நான் தெளித்ததெல்லாம் யாருக்காக என்று அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நேற்று அதிகாலை அவர் இருமுடியோடு கிளம்பினார். அதற்கு முன் துவைத்து மடித்துக் காரில் வைத்திருந்த தார்ப்பாயும் வேட்டியும் நினைவு வந்து எடுத்துவரப் போனேன். பார்த்தால், வேட்டி மறுபடி தொட்டிலாகக் கட்டியிருக்கிறது, நான் போடுவது போல முடிச்சு இல்லை, ஆண்பிள்ளை முடிச்சு. அவிழ்க்கப் போனேன். அவிழ்க்கண்டா சேச்சி, புதனாழ்ச்சை பிந்து ஓட்டும், அவகிட்ட சாவி இருக்கு என்று சொல்லிவிட்டுச் சரணம் சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார். குட்டன் கேட் வரை தன் காலிலேயே நடந்துபோய் அவரை வழியனுப்பினான். நான் சாமி அறையில் போய் நின்றேன், எனக்கு என்று கேட்க ஒன்றும் தோன்றவில்லை, அவர் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

பத்மகுமாருக்கும் பிந்துவுக்கும் நீயே போன் செய்து இரண்டு வார்த்தை பேசு. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, வெள்ளிக்கிழமை ஒரு திரியாவது ஏற்று. எல்லா நலமும் பெற்றுத் தீர்க்காயுசாய் இரு என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். வேல்சாமிக்கு இன்றே நல்ல வார்த்தை சொல்லி, குட்டன் எங்கும் வரவில்லை என்று தெரிவித்துவிடு. தெரிவித்துவிட்டேன் என்று எனக்குச் சீக்கிரம் பதில் எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
உலகம்மை