ஓடுமோ என்று கேட்டான்

1986 பங்குனி 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். ஜெர்மனியிலிருந்து தம்பி அனுப்பிய பெட்டி கைக்கு வந்தது. சவர்க்காரக் கட்டி அளவு. உள்ளே சிப் இருக்கிறதாம். கார்ப் பிளக்குக்கு இனி இதுதான் பொறி கொடுக்கும், வேகமும் கூடும் என்று எழுதியிருக்கிறான். கார் மாமரத்தின் கீழ் படுத்துக் கனநாள். நுவரெலியாவில் வேலை பார்த்தபோது ஒரு துரையிடம் வாங்கியது. இரண்டே இருக்கை, கூரையை மடக்கலாம். மனைவி பரிமளம் பெட்டியைப் பார்த்துவிட்டு, "கிழவிக்கு மை பூசப் போறியளோ?"

சீனி வாங்க மறந்தேன்.

6, வியாழன்

கராஜ் அந்தோனி வந்தார். வயர் நிறம் ஒன்றும் பொருந்தவில்லை. இரண்டு தரம் டமார். பக்கத்து வீட்டார் குண்டென்று நினைத்துப் பங்கருக்குள் ஓடிவிட்டார்கள், பாவம். பிறகு பிடித்தது. தையல் மெஷின் மாதிரிச் சீரான சத்தம்.

"அண்ணை, இது உங்கடை கார்தானோ?"

8, சனி

நெல்லியடி, பரிமளத்தின் தங்கை வீட்டுக்கு. வல்லை வெளி நேர் ரோட்டில் மிதித்தேன். "மெல்லப் போங்கோ" என்று கத்தியவள், கொண்டை அவிழ்ந்ததும் சிரித்தாள். மகன் கனடா போனபின் இப்படிச் சிரித்ததில்லை. திரும்பி வரும்போது அவளே, "இன்னொருக்கா மிதியுங்கோ."

9, ஞாயிறு

இயக்கப் பெடியள் இருவர் வந்தார்கள். இருபது வயதிராது.

"அண்ணை, அவசரமா ஒரு வாகனம் தேவை. இது ஓடுமோ?"

பரிமளம் முந்திக்கொண்டாள். "ஓடாது தம்பி. கனநாளாப் படுத்த கார்."

கேட்டவன் நம்பிவிட்டான். படலைக்குப் போகும்போது மற்றவனிடம், "சும்மா பழைய இரும்படா."

என் வாய்!

"ஆர் சொன்னது இரும்பெண்டு? வல்லை வெளியிலை இதை ஒருத்தரும் பிடிக்கேலாது."

ஸ்டார்ட் பண்ணியும் காட்டினேன். கார்த் திறப்பைக் கேட்டான். உருவிக் கொடுத்தேன்.

பரிமளம் சோறு மட்டும் போட்டாள்.

13, வியாழன்

மாமரத்தின் கீழ் எண்ணெய்க் கறை. பரிமளம் பஸ்ஸில் நெல்லியடி. தனியாக.

15, சனி

மற்றப் பெடியன் சைக்கிளில் வந்தான். கார் மதகோடு மோதிவிட்டது. ஓட்டியவன் பெரியாஸ்பத்திரியில்.

"இவ்வளவு வேகமெண்டு நினைக்கேல்லை அண்ணை."

ஓடும் என்று ஓட்டியும் காட்டத் தயாராக நின்றேன். பிரேக் பழசு, பிடிக்க நேரமெடுக்கும் என்று சொல்லவில்லை. மறக்கவில்லை. சொன்னால் காரைக் குறைவாக நினைப்பார்களே என்று.

16, ஞாயிறு

பெரியாஸ்பத்திரி. பரிமளம் தோடம்பழம் வாங்கிக்கொண்டு கூட வந்தாள். பெடியனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. தாய் பக்கத்திலிருந்து விசிறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு பெடியன் எழும்பப் பார்த்தான்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. உங்கடை காரை உடைச்சுப் போட்டன்."

திரும்பச் சாய்ந்தபடி, "ஆனா, என்ன ஓட்டம் அண்ணை!"

தாய் விசிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பரிமளம்தான் அவரோடு கதைத்தாள். நான் ஒரு தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினேன்.