கரை நூல் கட்டிய பிஞ்சுகள்

காவேரிப்பட்டினம்
2-1-1955

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

மாதம்மாள் பணிவோடு எழுதிக்கொள்வது. பத்ராவதியில் உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இரும்பு உலைக்கு முன்னால் நின்று வேலை செய்கிறவர், மோராவது வாங்கிக் குடிக்கிறீர்களா? இங்கே அத்தை சுகம். சிவப்புப் பசு சினையாக இருக்கிறது. நானும் இருக்கிறேன்.

இதை எழுதுவது அத்தைக்குத் தெரியாது. உறையின் மேல் உங்கள் பெயரை எழுத எனக்குக் கை கூசுகிறது. வாத்தியார் வீட்டுச் சாந்தம்மாதான் எழுதித் தருகிறேன் என்றாள்.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். மத்தூரில் ஒரு பெண் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்குத்தான். கலியாணமாகி ஐந்து வருஷமாகியும் என் வயிறு திறக்கவில்லையாம். உங்கள் தாய்மாமன் தீர்த்தகிரி மாமா முன்னால் நின்று பேசுகிறார். தை எட்டாம் தேதி தாம்பூலம் மாற்றுவதாகப் பேச்சு. ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக்கூடாதென்று சட்டம் வந்துவிட்டதே என்று வாத்தியார் சொல்லிப் பார்த்தார். அதற்கு அத்தை, "சட்டம் வந்து எங்க வூட்ல தூளி கட்டுமா?" என்று கேட்டுவிட்டார்கள். வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உங்கள் சம்மதம் கேட்டு மாமா எழுதும் கடிதம் இதற்கு முன்பே வந்திருந்தாலும், அவசரப்பட்டு சரியென்று எழுதிவிடாதீர்கள்.

இதோடு தோட்டத்துச் சங்கதியும் சேர்ந்துகொண்டது. புரட்டாசியில் கிணற்று மேட்டில் அரை ஏக்கர் பூசணி போட்டோம் அல்லவா? கொடி காடு மாதிரி ஓடியது. ஆனால் மார்கழி பிறந்ததிலிருந்து ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. சுண்டைக்காய் அளவுக்கு இருக்கும்போதே மஞ்சளாகி உதிர்ந்தது. என் கை பட்டதால்தான் என்றார்கள் அத்தை. "நீ அந்தப் பக்கமே போகாதம்மே, கொடியாச்சும் பொழைக்கட்டும்" என்று ஊர்ப் பெண்கள் காதில் விழும்படி சொன்னார்கள். அன்று மாட்டுக் கொட்டகையில் போய் அழுதேன். உங்களிடம் மறைப்பானேன்.

களை எடுக்க வரும் கெம்பம்மாவை உங்களுக்குத் தெரியும், கெலவரப்பள்ளிப் பக்கத்துக்காரி. கோபம் வந்தால் கன்னடத்துக்குத் தாவிவிடுவாள். உதிர்ந்த பிஞ்சுகளைப் பார்த்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆம்பளப் பூவெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பூவில் ஏது ஆணும் பெண்ணும்? அப்புறம் காட்டினாள். அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவது பெண் பூவாம். பிஞ்சில்லாமல் நீளக் காம்போடு, நடுவில் மஞ்சள் தூளோடு வருவது ஆண் பூவாம். அந்தத் தூளை வண்டு கொண்டுவந்து பெண் பூவில் சேர்த்தால்தான் பிஞ்சு நிற்குமாம். ஓசூர்ப் பக்கம் அவள் வேலை செய்த காய்கறித் தோட்டத்தில், வண்டு வராத நாளில் கையாலேயே தொட்டு வைப்பார்களாம்.

ஆண் பூ எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மார்கழி வாசலில் சாணப் பிள்ளையார் தலையில் உட்கார்ந்திருந்தது. நம் வாசலுக்கு மட்டுமா? தெருவில் முப்பது வீட்டுக்கும் அத்தைதான் இருட்டோடு போய்ப் பறித்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். புண்ணியமாம். பிஞ்சுள்ள பூவைத் தொடுவதில்லை. காய்க்காத பூதானே என்று இதையே தேடித் தேடிப் பறித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மலட்டுப் பூ.

அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள் நான். அன்று கெம்பம்மா சொன்னதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அத்தை வருவதற்கு முன்னால் நானும் அவளும் போனோம். ஆண் பூ நாலைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, ஏழு பெண் பூக்களின் நடுவில் தூளைத் தடவினேன். என் கைதான், அந்த ராசியில்லாத கை. அடையாளத்துக்குப் பழைய சேலையின் சிவப்புக் கரையிலிருந்து நூல் உருவிக் காம்பில் தளர்வாகக் கட்டினேன். பத்து நாளாகிறது. நூல் கட்டியதில் ஆறு நின்றுவிட்டது. ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. கட்டாத பூவெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது.

இதைச் சொல்லி அத்தையிடம் நியாயம் கேட்கலாம் என்று இருந்தேன். நேற்று அவர்களே பிஞ்சுகளைப் பார்த்துவிட்டார்கள். வாயெல்லாம் பல்லாக வந்து என்ன சொன்னார்கள் தெரியுமா? மத்தூர்ப் பெண்ணைப் பேச ஆரம்பித்ததுமே காய் நின்றுவிட்டதாம். "வரப்போறவ ராசி, பாத்துக்க" என்றார்கள். என் சேலை நூல் அதன் காம்பிலேயே தொங்குகிறது. அது அவர்கள் கண்ணில் படவில்லை. சொன்னாலும் யார் நம்புவார்கள்?

நீங்கள் நம்புவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். இந்த ஐந்து வருஷத்தில் நீங்கள் இந்த வீட்டில் இருந்தது முப்பத்தொரு நாள். கணக்கில் கெட்டிக்காரி என்று நீங்கள்தானே கேலி செய்வீர்கள்? அதிலும் மாரியம்மன் திருவிழாவுக்கு வந்த ஒன்பது நாளும் கையில் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலிலேயே படுத்தீர்கள். போன பொங்கலுக்கு வீடு நிறைய விருந்தாளி. நான் பெண்களோடு படுத்தேன். இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் உலையில் வேகுவது எங்களுக்காகத்தான். ஆனால் குறை என்னுடையது என்று யாராவது சொல்லும்போது, நீங்களாவது ஆமாம் போடக்கூடாது.

பதில் எழுத வேண்டாம். வீட்டுக்கு வரும் கடிதத்தை மாமாதான் பிரித்துப் படிக்கிறார். மேஸ்திரி காலில் விழுந்தாவது ஒரு மாதம் லீவு வாங்கிக்கொண்டு, தை எட்டுக்குள் வந்துவிடுங்கள். இந்தத் தடவை எந்தச் சாமிக்கும் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

கிழக்கு மூலையில் ஒரு கொடியை நான் மட்டும் காவல் காக்கிறேன். அதில் யாரையும் பறிக்க விடுவதில்லை. அந்தப் பூ விடியலில் விரிகிறது. வெயில் ஏறினால் சுருங்கிவிடுகிறது. எனக்கும் இருபத்தாறு வயது ஆகிறது. சீக்கிரம் வாருங்கள்.

நல்லபடியாக நீங்கள் வந்து சேர ஆண்டவன் துணை.

தங்கள் வரவை வழி பார்த்திருக்கும்
மாதம்மாள்